மேலே ஏறுற இடம்

மிஹிரான்: இங்கதான். இந்த இடத்தை மறுபடி போடு.

சுரங்கி: பதினோராவது தடவைடா. இப்பத்தான் காலேஜ்லருந்து வந்தேன், பையைக்கூடக் கீழே வைக்கலை.

மிஹிரான்: அப்புறம் வை. போடு... ம்... என் குரல் மேலே ஏறுது... ஏறுது... இதோ! கேட்டுச்சா?

சுரங்கி: நீ கத்துறது கேட்டுச்சு.

மிஹிரான்: அதுக்குப் பின்னாடி. சன்னமா. டிங் டிடிங் டிடிங்னு...

சுரங்கி: கொசுவா இருக்கும்.

மிஹிரான்: மெட்டுப் போட்டுப் பாடுற கொசு எங்க இருக்கு?

சுரங்கி: மொரட்டுவையில இருக்கும். இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு தச்சன், வீட்டுக்கு ஒரு பேண்ட். கொசு மட்டும் சும்மா இருக்குமா?

மிஹிரான்: விளையாடாதே சுரங்கி. நேத்து ராத்திரி அந்தப் பாணந்துறை மேனேஜர் கூப்பிட்டாரு.

சுரங்கி: கல்யாண மண்டபத்துப் பீரிஸா? நிஜமாவா? நம்ம பாட்டைக் கேட்டுட்டுமா கூப்பிட்டாரு?

மிஹிரான்: கேட்டுட்டுத்தான். "தம்பி, மூணு பாட்டும் கேட்டேன்"ன்னாரு. "சொல்லுங்க சார்"ன்னேன். "பாட்டு கிடக்கட்டும்"ன்னாரு.

சுரங்கி: கிடக்கட்டுமாமா?

மிஹிரான்: முழுசாக் கேளு. "ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு சத்தம் வருதே, அதை வாசிக்கிறது யாரு? காலி ஊருக்குப் போற இந்த வீதியில நாப்பது பேண்ட் கேட்டாச்சு. எல்லாம் ஒரே சத்தம். உங்க சத்தத்துல மட்டும் ஏதோ ஒண்ணு அழுவுது"ன்னாரு.

சுரங்கி: அழுறது நீயா இருக்கும்.

மிஹிரான்: நானும் அப்படித்தான் நினைச்சு நன்றி சொன்னேன். "நீ இல்லப்பா, அந்த டிங் டிடிங்"ன்னாரு. "குரல் தடுமா... குரல் உணர்ச்சிவசப்படுற இடத்துக்கு ஒரு நொடி முன்னாடி உள்ளே வருது, தாங்கிப் பிடிக்குது, குரல் கீழே வந்ததும் நாசூக்கா ஒதுங்கிக்குது. எங்க பேசணும், எங்க வாயை மூடணும்னு தெரிஞ்ச காது. யாரு அதை முடிவு பண்றது?"ன்னு கேட்டாரு.

சுரங்கி: நீ என்ன சொன்னே?

மிஹிரான்: நான்தான்னு சொல்லிட்டேன்.

சுரங்கி: என்ன சத்தம்னே தெரியாமலா!

மிஹிரான்: காதுன்னாரு. எனக்கும் ரெண்டு இருக்கு, ஒத்துக்கிட்டேன்.

சுரங்கி: ஐயோ...

மிஹிரான்: ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மண்டபத்துல வாசிச்சுக் காட்டணும். அதே சத்தத்தோட. பிடிச்சுப்போச்சுன்னா சனிக்கிழமை சனிக்கிழமை கல்யாண டான்ஸ் நமக்கு. "பேண்ட் பேரை மட்டும் மாத்துங்க, கல்யாண வீட்டு வாசல்ல 'புயல் எச்சரிக்கை'ன்னு எழுதி வச்சா மாப்பிள்ளை ஓடிடுவான்"ன்னாரு.

சுரங்கி: ஞாயிறுன்னா... மாசம் செவ்வாயோட முடியுது.

மிஹிரான்: அதைத்தான் நானும் விடிய விடிய எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்பா கெடுவும் செவ்வாயோட முடியுது. அந்த நாலரை விரலை நீட்டி அவர் சொன்னது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. "இந்த மாசத்துக்குள்ள யாராவது ஒருத்தன் உங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லணும். இல்லே, இந்த மூலையில சோபா செட்டை அடுக்கிடுவேன். நீ இழைப்புளியைப் பிடி."

சுரங்கி: அந்த அரை விரல் மரம் அறுக்கிற வாள் மெஷின்ல போனதுதானே?

மிஹிரான்: ஆமா, நான் பிறக்குறதுக்கு முன்னாடி. போன அரை விரலுக்கும் சேத்து மிச்ச நாலரையே மிரட்டுது. இந்தப் பட்டறையில இந்த மூலையும், வேலையாளுங்க டீ குடிக்கப் போற இந்த அரை மணி நேரமும் இல்லேன்னா நமக்கு எங்க இருக்கு இடம்?

சுரங்கி: எங்க வீட்டுல ட்ரம்ஸை வச்சா எங்கம்மா என்னையும் சேத்து வெளியே வச்சிடுவாங்க.

மிஹிரான்: நெவில் வீடு மாடி. மாடி தாங்காது. அப்போ ஞாயித்துக்கிழமை போகலேன்னா பேண்ட் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சுரங்கி: சரி, நெவிலைக் கீபோர்ட்ல அந்த டிங் டிடிங்கை வாசிக்கச் சொல்லு.

மிஹிரான்: காலையில வாசிச்சான். போன்லயே மேனேஜருக்குப் போட்டுக் காட்டினேன். "இது செத்த மீன், அது உயிர் மீன்"ன்னுட்டாரு. நெவில் கீபோர்டை உறையில போட்டுக்கிட்டு, செத்த மீனுக்கு இங்க என்ன வேலைன்னு கிளம்பிட்டான்.

சுரங்கி: பாவம்டா.

மிஹிரான்: போறப்போ ஒண்ணு சொல்லிட்டுப் போனான். அந்தச் சத்தம் எதுன்னு அவனுக்குக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சாம்.

சுரங்கி: எ... எதுவாம்?

மிஹிரான்: பாண் வண்டி.

சுரங்கி: எந்தப் பாண் வண்டி?

மிஹிரான்: எந்தப் பாண் வண்டியா? சாயந்தரம் நாலு பத்துக்கு பாண் ரொட்டியும் பன்னும் ஏத்திக்கிட்டு, மெட்டுப் போட்டுக்கிட்டே வர்ற ஆட்டோ. நீ தினம் பை நிறைய முதலை மாதிரி வால் வச்ச பன் கொண்டு வர்றியே, அது எந்த வண்டியிலருந்து வருது?

சுரங்கி: அது... எங்கம்மா வாங்கித் தர்றாங்க.

மிஹிரான்: உங்கம்மாவுக்கு எங்க மேல இவ்வளவு பாசமான்னு நானும் நெவிலும் பேசிக்குவோம். ஆளுக்கு நாலு பன்!

சுரங்கி: பாசம்தான். விடு. ஒண்ணு செய்வோம், பாட்டை மறுபடி பதிவு பண்ணுவோம். சுத்தமா. அந்தச் சத்தமே இல்லாம. அதைக் கேட்டா அவரே மனசு மாறிடுவாரு.

மிஹிரான்: பைத்தியமா? மூணு பாட்டுல அவருக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்!

சுரங்கி: அப்போ பாண் வண்டிச் சத்தத்தைப் போன்ல பிடிச்சு, அங்க ஸ்பீக்கர்ல போடுவோம்.

மிஹிரான்: ஆளை நேர்ல பாக்கணுமாம். "உக்காந்து வாசிப்பாரா, நின்னுக்கிட்டா?"ன்னு கேட்டாரு.

சுரங்கி: நீ?

மிஹிரான்: உக்காந்துதான்னேன். அதுல பொய் இல்லையே.

சுரங்கி: வாத்தியம் என்னன்னு கேக்கலையா?

மிஹிரான்: கேட்டாரு. "அவரே சேத்துக் கட்டின வாத்தியம் சார், கொஞ்சம் பெருசு. உங்க மண்டப வாசல் எவ்வளவு அகலம்?"ன்னேன். "ஏன், பியானோவா?"ன்னாரு. "பியானோவுக்குக் கண்ணாடிக் கதவு இருக்காது சார்"னு சொல்லி போனை வச்சுட்டேன்.

சுரங்கி: மிஹிரான், நீ ஒருநாள் ஜெயிலுக்குப் போவே.

மிஹிரான்: போனாலும் அங்க ஒரு மூலை கிடைக்கும். நினைச்சுப் பாரு, சத்தத்தை நல்லாக்கணும்னு நாம என்ன பாடு பட்டோம்! சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம்...

சுரங்கி: ஒட்டினது நான். நீ ஏணியைப் பிடிச்சே.

மிஹிரான்: எதிர்வீட்டு ஆன்ட்டி கேக்காமலே ரெண்டு மெத்தை குடுத்தாங்க. மூணாம் வீட்டு அங்கிள் கம்பளம். தெருவே நம்ம முன்னேற்றத்துல எவ்வளவு அக்கறையா இருக்குன்னு அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சுரங்கி: ம்... ரொம்ப அக்கறை. ஜன்னலையும் மூடிக்கோங்கன்னு சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?

மிஹிரான்: தூசி வரும்னு. அப்புறம் இந்த அலமாரி! தேக்கு அலமாரிக்குள்ள நின்னு பாடுன்னு சொன்னே பாரு, அதுதான் நீ இந்த பேண்டுக்குச் செஞ்ச பெரிய உபகாரம். உள்ளே நின்னுட்டா எனக்கு என் குரலைத் தவிர ஒண்ணும் கேக்குறதில்லை.

சுரங்கி: வெளியே இருக்கிறவங்களுக்கும் ஏதோ கொஞ்சம் குறைச்சலா... சரி, விடு. அந்த அலமாரி இன்னும் ஏன் இங்கயே நிக்குது? கல்யாணப் பொண்ணு வீட்டு ஆர்டர்தானே?

மிஹிரான்: பாலிஷ் காயலையாம். தினம் அவங்க போன் பண்றாங்க, தினம் அப்பா அதையே சொல்றாரு.

சுரங்கி: மூணு மாசமாவா? தொட்டுப் பாரு, கல்லாட்டம் காஞ்சு கிடக்கு.

மிஹிரான்: அப்பாவுக்கு முன்ன மாதிரி வேலையில கவனம் இல்லை. வயசாகுது. நான் என்ன பண்ண முடியும்?

சுரங்கி: நீ ஒண்ணும் பண்ண வேணாம். ரெண்டாவது பாட்டுல மட்டும் மேலே ஏறாம, கீழேயே பாடலாம் இல்லே? அப்படிப் பாடினா பாண் வண்டியே தேவைப்படாதுடா.

மிஹிரான்: ஆரம்பிச்சிட்டியா! மேலே ஏறலேன்னா அது பாட்டா? சர்ச் கொயர்லகூட ஃபாதர் என்ன சொன்னாரு? "உன் குரலுக்குக் கனம் ஜாஸ்தி, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னாரு.

சுரங்கி: எவ்வளவு தள்ளி?

மிஹிரான்: வாசல்ல. செருப்பு விடுற இடத்துல.

சுரங்கி: ஹா ஹா!

மிஹிரான்: என்ன சிரிப்பு? இரு... கேளு! வருது, வருது! நாலு பத்து, கரெக்டா!

சுரங்கி: நான் போய்ப் பேசுறேன். நீ இங்கயே இரு.

மிஹிரான்: நீ எதுக்கு? நான்தானே லீடர்?

சுரங்கி: அவர் ரொம்பக் கூச்சப்படுவாருடா! ஆம்பளைங்கன்னா பேசவே மாட்டாரு.

மிஹிரான்: பாண் விக்கிறவரா? தெருவுல மெட்டுப் போட்டுக்கிட்டு வர்றவருக்கு என்ன கூச்சம்? தள்ளு... லால் அண்ணே! லால் அண்ணே, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க! மெட்டை நிறுத்திட்டு வாங்க!

லால்: என்ன தம்பி, இன்னைக்குப் பாட்டு இல்லையா? வண்டியை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்.

மிஹிரான்: பாட்டுக்கா காத்துக்கிட்டு இருக்கீங்க?

லால்: ஆமா... இல்லே... பன் விக்க. பன் விக்கத்தான்.

சுரங்கி: பன் விக்கத்தான்டா. வேற எதுக்கு நிப்பாரு?

லால்: தங்கச்சி, உங்களுக்கு வழக்கம்போல பன்னிரண்டு எடுத்து வச்சு...

சுரங்கி: அண்ணே, என்ன வெயில் பாத்தீங்களா!

லால்: ஆமா ஆமா. வெயில்.

மிஹிரான்: மேகம் மூடிக் கிடக்கு. சரி, அண்ணே, நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க வண்டி மெட்டு எங்களுக்கு வேணும். ஞாயித்துக்கிழமை, பாணந்துறையில. எங்ககூட மேடையில.

லால்: வண்டியோடயா?

மிஹிரான்: வண்டியோட. வாசல் அகலம் விசாரிச்சாச்சு. உங்க மெட்டுல ஏதோ அழுவுதாம், அண்ணே. மத்த பாண் வண்டியிலயும் இதே மெட்டுதான், ஆனா அதெல்லாம் அழுவலையே, இது எப்படி?

லால்: வெக்கமா இருக்கு, தம்பி. ஸ்பீக்கர் குழாய்க்குள்ள எறும்பு. முதலை பன்னு மேல சீனி தூவுறோம் இல்லே, அந்த வாசத்துக்கு உள்ளே குடி வந்துடுச்சு. அதுங்க நடக்க நடக்கச் சத்தம் நடுங்குது. பாட்டரியும் சாயந்தரமானா களைச்சுப் போயிடும். கவலைப்படாதீங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்திச் சுத்தமாக் கழுவி...

மிஹிரான்: கழுவாதீங்க!

லால்: கழுவ வேணாமா?

மிஹிரான்: ஒரு எறும்பு குறையக் கூடாது. தினம் சீனி போட்டுப் பத்திரமா வச்சுக்கோங்க. நாங்க மூணு மாசமா முட்டை அட்டை ஒட்டித் தேடின சத்தம், அண்ணே, அது உங்க குழாய்க்குள்ள இருந்திருக்கு!

லால்: சரி, உங்க இஷ்டம். நான் என்ன செய்யணும்?

மிஹிரான்: புதுசா எதுவும் வேணாம். தினம் இங்க எப்படிப் பண்றீங்களோ அப்படியே. ரெண்டாவது பாட்டு ஆரம்பிக்கிறப்போ மெட்டு நிக்கணும். நான் மேலே ஏறப் போறப்போ போடணும். இறங்கினதும் நிறுத்தணும்.

லால்: அது... அது என்னால முடியாது, தம்பி.

மிஹிரான்: ஏன்? தினம் பண்றீங்களே! பதிவுல இருக்கே! நொடி பிசகலை!

லால்: பண்றேன். ஆனா நானா பண்றதில்லை...

சுரங்கி: அண்ணே, பன் ஆறிடும், கிளம்புங்க.

லால்: காலையில சுட்டது, தங்கச்சி. எப்பவோ ஆறிடுச்சு.

மிஹிரான்: நீ எதுக்கு அவரை விரட்டிக்கிட்டே இருக்கே? அண்ணே, நீங்களா பண்றதில்லேன்னா, வேற யார் பண்றாங்க? நீங்க ஏன் தினம் எங்க கேட்டு முன்னாடியே அரை மணி நேரம் நிக்கிறீங்க? இந்தச் சந்துல மொத்தமே ஒன்பது வீடு!

லால்: தங்கச்சி... நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?

மிஹிரான்: என்ன சொல்லணும்?

சுரங்கி: சரி! நான்தான்! நான்தான் அவரை நிக்கச் சொன்னேன். போதுமா?

மிஹிரான்: எதுக்கு?

சுரங்கி: உன் பாட்டு வெளியே கேக்காம இருக்க.

மிஹிரான்: என் பாட்டா?

சுரங்கி: அப்படிப் பாக்காதே. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் உங்கப்பா டீ கிளாஸோட அந்த வாசல்கிட்ட வந்து நின்னாரு. நீ அலமாரிக்குள்ள இருந்தே, உனக்குத் தெரியாது. நீ மேலே ஏறினப்போ நான் அவர் முகத்தைப் பாத்தேன். பல் வலி வந்த மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. மறுநாள்தான் முதல் தடவையா சோபா செட் பேச்சை எடுத்தாரு.

மிஹிரான்: அதனால?

சுரங்கி: அதனால, அவர் காதுல நீ விழாம இருந்தா மூலை பிழைக்கும்னு நினைச்சேன். லால் அண்ணன்கிட்ட, நாங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும் மெட்டைப் போட்டு வைங்க, தினம் பன்னிரண்டு பன் நான் வாங்கிக்கிறேன்னு சொன்னேன்.

மிஹிரான்: அப்போ நான் மூணு மாசமாத் தின்ன பன் எல்லாம்...

சுரங்கி: ஆமா.

மிஹிரான்: என் குரலை மூடினதுக்குக் கூலி. அதை நானே தின்னிருக்கேன். அஞ்சாவதும் கேட்டு வாங்கித் தின்னிருக்கேன்.

லால்: பன் நல்லா இருந்துச்சா, தம்பி?

மிஹிரான்: நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணே. அதுதான் இன்னும் வலிக்குது.

சுரங்கி: மிஹிரான்...

மிஹிரான்: நேர்ல சொல்லியிருக்கலாமே, சுரங்கி. "நீ நல்லாப் பாடலை"ன்னு ஒரு வார்த்தை.

சுரங்கி: எத்தனை தடவை "கீழே பாடு"ன்னு சொன்னேன்? பத்து நிமிஷம் முன்னாடிகூடச் சொன்னேன். நீ ஃபாதர் கதை சொன்னே. கீழே பாடுறப்போ உன் குரல் எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? நம்ம பாட்டு மூணும் கேவலம், என் ட்ரம்ஸ் அதைவிடக் கேவலம். நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறித் தினம் வர்றேன்னு நினைச்சே? மரத்தூள் மூக்குல ஏத்திக்கவா?

மிஹிரான்: ...நிஜமாவா?

சுரங்கி: மேலே ஏறாத வரைக்கும் நிஜம்.

லால்: நான் வேணும்னா வெளியே போய் நிக்கட்டுமா?

மிஹிரான்: இருங்க அண்ணே, எங்கயும் போகாதீங்க. ஒரு நிமிஷம்... எங்கயோ இடிக்குது. சுரங்கி, நீ எப்பப்போ போடச் சொன்னே?

சுரங்கி: முழுக்க. முதல் பாட்டு தொடங்கி மூணாவது பாட்டு முடியிற வரைக்கும்.

மிஹிரான்: பதிவுல அப்படி இல்லையே! கீழே பாடுற இடத்துல ஒரு சத்தமும் இல்லை. சுத்தமா, என் குரல் மட்டும். மேலே ஏறுற இடத்துல மட்டும்தான் வருது.

சுரங்கி: அட, ஆமா... நானும் யோசிச்சிருக்கேன். பாட்டரி விட்டு விட்டு வேலை செய்யுது போலன்னு விட்டுட்டேன். அண்ணே, பன்னிரண்டு பன்னுக்குப் பாதி மெட்டுத்தானா?

லால்: அதைக் கேக்காதீங்க, தங்கச்சி. அந்தோனியார் மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

மிஹிரான்: யாருக்கு?

லால்: நான் பன் விக்கிறவன், தம்பி. தங்கச்சி மெட்டைப் போடச் சொன்னாங்க, போட்டேன். போட்ட ரெண்டாம் நாளே இன்னொருத்தர் வந்தாரு. "நிறுத்துடா அதை, பாட்டைக் கேக்கணும்"ன்னாரு. அவரும் வாடிக்கைதான். நான் என்ன பண்ணுவேன்?

மிஹிரான்: பாட்டைக் கேக்கணும்னாரா? எங்க பாட்டையா? என் பாட்டையா?

லால்: உங்க பாட்டைத்தான்.

மிஹிரான்: கேட்டியா சுரங்கி? ஊர்ல ஒரு ஆளாவது இருக்காரு! யாருண்ணே? எதிர்வீட்டு ஆன்ட்டி பொண்ணா?

சுரங்கி: "வந்தாரு"ன்னு சொல்றாரு, உனக்கு எதிர்வீட்டுப் பொண்ணு கேக்குதா?

மிஹிரான்: மரியாதைக்குச் சொன்னாரோன்னு பாத்தேன். ஃபாதரா?

லால்: இல்லை. பேரைக் கேக்காதீங்க. பேர் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம். வருவாரு, ஒரே ஒரு பன் வாங்குவாரு. தின்ன மாட்டாரு. அதோ அந்தப் பலகை அடுக்கு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவாரு. நீங்க பாடி முடிக்கிற வரைக்கும் பன் கையிலயே இருக்கும்.

மிஹிரான்: தினமுமா?

லால்: மழை பெய்ஞ்ச அன்னைக்குக் கோணியைத் தலையில போட்டுக்கிட்டு நின்னாரு. "நான் கையைக் கீழே இறக்கினா மெட்டை நிறுத்து. தூக்கினா போடு"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. நீங்க கீழே பாடுற வரைக்கும் கை கீழேயே கிடக்கும். தலை மட்டும் லேசா ஆடும். மேலே ஏறப் போறீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியுமோ... ஒரு நொடி முன்னாடி கை சடார்னு மேலே போயிடும். "போடு, போடு, சீக்கிரம் போடு!"ன்னு பல்லைக் கடிப்பாரு. நீங்க இறங்கினதும் மூச்சு விட்டுட்டுக் கையை இறக்குவாரு.

சுரங்கி: மேனேஜர் சொன்ன காது...

மிஹிரான்: அந்தக் காதை நான் என்னோடதுன்னு சொல்லிட்டேன். அண்ணே, அவர் எங்க பாட்டைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?

லால்: ஒரே ஒருநாள். "கீழே பாடுறப்போ நல்லா இருக்கு, இல்லே?"ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள, "அந்த அலமாரி இருக்கிறதாலதான் குரலுக்கு இந்த நயம் வருது. அது போயிட்டா என்ன பண்றதுன்னு தெரியலை"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுப் போயிட்டாரு.

சுரங்கி: அலமாரியா? மிஹிரான்... காயாத பாலிஷ்...

மிஹிரான்: பேசாம இரு. ஒரு நிமிஷம் பேசாம இரு, சுரங்கி.

லால்: தப்பாச் சொல்லிட்டேனா, தம்பி?

மிஹிரான்: இல்லண்ணே... கண்ணுல மரத்தூள். ஞாயித்துக்கிழமை நீங்க வந்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன். நானே உங்களுக்குக் கண்ணு காட்டுறேன், பாட்டை நாலு தடவை கேட்டா எங்க போடணும், எங்க நிறுத்தணும்னு உங்களுக்கே பிடிபட்டுடும்.

லால்: வர்றேன், தம்பி, எறும்பு ஒண்ணுகூடக் குறையாம வர்றேன். ஆனா பலகை அடுக்கை நீங்க ஒருதடவை திரும்பிப் பாத்துட்டுப் போய் அவரையும் கூப்பிட்டுடுங்க, இப்பவும் அங்கதான் பன்னோட நிக்கிறாரு. மூணு மாசமாக் கேட்டும் எனக்கு உங்க பாட்டு ஒண்ணுகூடத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நாலரை விரல்தான்.